குட்டி என்னையே உறுமுகிறது: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சில கேள்விகள்

எங்களுக்குக் கூடலூரில் திராட்சைத் தோட்டம். நீலகிரிக் கூடலூர் இல்லை. தேனி மாவட்டத்தில், குமுளி மலையடிவாரத்தில் இருக்கிற கூடலூர். அப்பா காலத்திலிருந்து தோட்டக் காவலுக்குக் கோம்பை என்கிற நாட்டு இன நாய்தான். ஈத்து விழுந்தால் கேட்கிறவர்களுக்குக் குட்டி கொடுப்போம். வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் மலைக்கு மேலே, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களில் இருப்பவர்கள். பத்து நாள் கழித்துப் போன் வரும்: "அண்ணே, சோறு போடுற என்னையவே உறுமுது." அந்தப் போன்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடத்தில் போகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மாதக் குட்டி உறுமுகிறது. வளர்ந்தால் வீட்டு ஆளையே கடிக்கிற நாயாகிவிடுமா?

அந்த வயதில் உறுமாத குட்டியை நான் பார்த்ததே இல்லை. ஒரு ஈத்துக் குட்டிகளைச் சேர்த்து விட்டுப் பாருங்கள். தாய் மடிக்கு உறுமும், கிழிந்த சாக்குக்கு உறுமும், ஒன்றின் காதை ஒன்று கவ்விக்கொண்டு உறுமும். குட்டிக்குத் தெரிந்த பேச்சே நாலைந்து சத்தம்தான். அதில் இது ஒன்று. வளர்ந்த பிறகு எப்படி ஆகும் என்பது, அது உறுமும்போது வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

விளையாட்டுக்கு உறுமுவதையும் நிஜமாக உறுமுவதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

காதை மூடிக்கொண்டு உடம்பைப் பாருங்கள். விளையாடுகிற குட்டி முன்னங்காலை மடித்துப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும். வாய் திறந்திருக்கும், உடம்பு தளதளவென்று ஆடும். ஓடும், விழும், திரும்பி வரும். சத்தம் பெரிதாக இருந்தாலும் கவலையில்லை.

நிஜ உறுமல் வேறு மாதிரி. முதலில் குட்டி அப்படியே உறைந்து நிற்கும். தின்றுகொண்டிருந்தால் தலை தட்டுக்குள்ளேயே இருக்கும், அசைவு மட்டும் நின்றுபோகும். சில குட்டிகள் அவசர அவசரமாக விழுங்கும். வாய் மூடியிருக்கும். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டிப் பார்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். அதற்கப்புறம்தான் தொண்டையிலிருந்து அந்த 'உர்ர்'. சத்தம் வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை அது சொல்லிவிட்டது, நாம்தான் கவனிக்கவில்லை.

உறுமும்போது மூக்கில் ஒரு தட்டுத் தட்டினால் அடங்கிவிடாதா? எங்கள் தாத்தா அப்படித்தான் வளர்த்தார்.

அடங்கும். அதுதான் சிக்கலே.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் செவலை என்று ஒரு கோம்பைக் குட்டி இருந்தது. தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமும். அப்பா தினத்தாளைச் சுருட்டி மூக்கிலேயே போடுவார். ஒரே மாதத்தில் உறுமுவதை விட்டுவிட்டது. எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை என்று பேச்சு. அடுத்த வருஷம் பொங்கலுக்கு வந்த சித்தப்பா, அது தின்றுகொண்டிருந்தபோது தட்டை நகர்த்தக் குனிந்தார். சத்தமே இல்லை. கையில் நாலு பல் இறங்கியது. "ஒரு வார்த்தை சொல்லாமக் கடிச்சிருச்சே" என்றார் சித்தப்பா. அது ஒரு வருஷத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சொன்னதற்குத்தான் அடி வாங்கியது.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலை ஏறியிருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற ஜீப் ஹாரன் அடிக்கிறது. சத்தம் பிடிக்கவில்லை என்று ஹாரன் ஒயரைப் பிடுங்கிவிட்டால் ஜீப் வராமலா இருக்கும்? வரும், சத்தமில்லாமல் வரும். அடித்து உறுமலை நிறுத்துவதும் அதே வேலைதான். தட்டை யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்ற பயம் குட்டிக்குள் அப்படியே இருக்கிறது. கூடவே, கை என்றாலே அடி என்ற இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இலிருந்து இருக்கிறது, நாயை அடித்து வதைப்பது அதன்படி குற்றம். அதை நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதல் காரணம், அடி வேலைக்கு ஆகாது.

அப்படியானால் உறுமுகிற அந்த நிமிஷத்தில் என்னதான் செய்வது?

நில்லுங்கள். கையை நீட்டியிருந்தால் மெதுவாக எடுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காமல் பக்கவாட்டில் திரும்பி இரண்டு எட்டு தள்ளிப் போங்கள். கத்த வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம்.

"விலகிப் போனால் அது ஜெயித்த மாதிரி ஆகிவிடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். உறுமினால் ஆள் புரிந்துகொள்கிறார், கடிக்கத் தேவையில்லை என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அது நல்ல பாடம். ஆனால் விலகிப் போவதோடு விட்டுவிட்டால் நாளைக்கும் உறுமும், அது உண்மை. எனவே அன்றைக்கே நாள்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, எங்கே, யார், கையில் என்ன, குட்டி என்ன செய்துகொண்டிருந்தது. ஒரு வாரத் தாளைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும். அநேகமாகச் சோறு, பறித்த பொருள், தூக்கம், தூக்குவது, வலி, இந்த ஐந்தில் ஒன்று.

மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடித்தால்தான் நம்மைத் தலைவனாக ஏற்கும் என்கிறார்களே?

இந்தக் கதை ஓநாயிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947இல் எழுதினார். அடைபட்ட இடத்தில் அவை தலைமைக்காகச் சண்டை போட்டன என்பது அதன் சாரம். பின்னால் அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் அந்தக் கருத்தைப் பரவலாக்கினார். காட்டில் பல வருஷம் ஓநாய்களோடு திரிந்த பிறகு அவரே 1999இல் திருத்தி எழுதினார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். எழுதியவரே கைவிட்ட பிறகும் நம்மூர் டீக்கடையில் அந்தத் 'தலைவன்' கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றரைக் கிலோ குட்டியை அறுபது கிலோ மனிதர் மண்ணில் அழுத்தினால் அதற்கு உயிர்ப்பயம்தான் வரும், மரியாதை வராது. அப்போது அது கடித்தால் தப்பு அதன்மேல் இல்லை.

சோறு வைத்தால் கிட்டே போக முடியவில்லை. எப்படி மாற்றுவது?

நிறையப் பேருடைய கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று முதலில் பாருங்கள். ஏழெட்டுக் குட்டிக்கு ஒரே தட்டில் பால்சோறு வைத்து வளர்த்திருப்பார்கள். முந்தியது தின்றது, பிந்தியது பட்டினி. அந்தக் குட்டி உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதுபோக, 'தட்டில் கையைவிட்டுப் பழக்கு' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் தினமும் கையைவிட்டுத் துழாவியிருப்பார்கள். கல்யாணப் பந்தியில் நம் இலையில் ஒருவர் வந்து வந்து கைவைத்தால் நாமே உறுமுவோம்.

மாற்றுவதற்கு அவித்த கோழிக்கறியை, உப்பு காரம் இல்லாமல், எலும்பு இல்லாமல், கடலைப்பருப்பு அளவில் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குட்டி தன் சோற்றைத் தின்னும்போது ஆறேழு அடி தள்ளி நின்று ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நின்று ரசிக்க வேண்டாம். ஒரு வேளைக்கு நாலைந்து தடவை. மூன்று நாள் போனால், உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் குட்டி தலையைத் தூக்கிப் பார்க்கும், வால் ஆடும். அந்தத் தலை தூக்கல்தான் உங்களுக்கு அனுமதி. அப்புறம் அரை அடி கிட்டே வாருங்கள். உடம்பு விறைத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பழைய தூரத்துக்கே போங்கள்.

தட்டுக்குப் பக்கத்திலேயே நிற்க முடிகிற வரை இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அப்புறம் முழுச் சோற்றையும் ஒரேயடியாக வைக்காமல் கைப்பிடி கைப்பிடியாக வையுங்கள். காலித் தட்டு, ஒரு பிடி, தின்றுவிட்டு நிமிர்ந்து பார்க்கும், இன்னொரு பிடி. சோற்றைப் பறிக்கிற கை என்று நினைத்திருந்தது, போடுகிற கை என்று ஆகிவிடும். வீட்டில் ஒவ்வொரு பெரியவரும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அம்மாவை நம்புகிற குட்டி அப்பாவையும் நம்பும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரியாகிவிட்டதா என்று சோதிக்கத் தட்டைப் பிடுங்கிப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று வார வேலை மூன்று நொடியில் போய்விடும்.

செருப்பையோ எலும்பையோ கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் உறுமுகிறது.

பண்டமாற்று. வாயில் இருப்பதைவிட ருசியான ஒன்றை மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் போடுங்கள். கட்டிலுக்கடியில் கையைவிடாமல், வெளியே வர வழி விட்டு, துண்டுகளை வாசல் வரை வரிசையாகப் போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். அது வந்த பிறகு செருப்பை எடுங்கள். ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் பத்துத் தடவையில் எட்டுத் தடவை திருப்பியே கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த குட்டி ஒளித்து வைக்காது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெட்டு நேரத்தில் பந்தலுக்கடியில் திராட்சை உதிர்ந்து கிடக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்குப் பெருமைதான். நாய்க்கு அது நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் கெடும் என்று அளவே சொல்ல முடியாது, ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொன்றைச் சாய்த்துவிடும். உலர்திராட்சையும் அப்படித்தான். அதில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021இல் மருத்துவர்கள் எழுதினார்கள்; புளியிலும் அதே அமிலம் இருப்பதால் புளிக்குழம்புச் சோற்றையும் நான் நிறுத்திவிட்டேன். குட்டி குலையைக் கவ்விக்கொண்டு உறுமினால் துரத்தாதீர்கள். துரத்தினால் அவசரத்தில் மொத்தத்தையும் விழுங்கும். கறித்துண்டைக் காட்டி மாற்றுங்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

தூக்கினாலோ தடவினாலோ உறுமுகிறது. மற்ற நேரத்தில் தங்கம்.

முதலில் வலியைச் சந்தேகப்படுங்கள். காதுக்குள் உண்ணி, கால்விரல் இடுக்கில் உண்ணி, காதில் சீழ், வயிற்றில் பூச்சி, எங்கேயாவது விழுந்து பட்ட அடி. மழைக்காலத்தில் மலையில் உண்ணிக்கும் அட்டைக்கும் குறைவே இல்லை. நேற்று வரை தூக்க விட்ட குட்டி இன்றைக்குத் திடீரென்று உறுமினால் பயிற்சி என்று பேசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி இல்லை என்றால், தூக்கும் விதத்தைப் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் பிடித்துப் பை தூக்குகிற மாதிரி தூக்குகிறவர்கள் உண்டு. நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்புறத்துக்கடியில் ஒரு கை. தடவும்போது மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். குட்டி தானாக முட்டிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், போதும் என்று அர்த்தம்.

சாயங்காலம் ஆனால் பேய் பிடித்த மாதிரி கடிக்கிறது, உறுமுகிறது.

தூக்கம் போதவில்லை. குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலே தூங்க வேண்டும். வீடு நிறைய ஆளும் டிவியும் இருந்தால் எங்கே தூங்கும்? இருட்டான ஒரு மூலையில் சாக்கை விரித்து விட்டுவிடுங்கள். தூங்குகிறதைத் தட்டி எழுப்பாமல், தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களிடம் ஒன்றும் இல்லை, பிள்ளைகளை மட்டும் உறுமுகிறது.

பிள்ளைகள் கழுத்தைக் கட்டிப் பிடிக்கும், மேலே விழும், வாலை இழுக்கும், கிரீச் என்று கத்தும். குட்டி என்ன செய்யும் பாவம். தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். பெரியவர் ஒருவர் கண்ணெதிரே இல்லாமல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் குட்டியையும் ஒரே அறையில் விடவே கூடாது. ஒரு நிமிஷம் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதும் அதில் சேர்த்தி. மேலே சொன்ன பண்டமாற்று, தட்டுப் பயிற்சி எதையும் பிள்ளைகளை விட்டுச் செய்யச் சொல்லாதீர்கள். அவர்கள் தள்ளி நின்று துண்டு எறியலாம், அதுவே போதும்.

ஜீப் ஏறி வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவோம். அதுவரை சங்கிலியில்தான். வந்து அவிழ்க்கப் போனால் உறுமுகிறது.

கட்டிக் கிடக்கிற குட்டிக்குப் பிடிக்காததை விட்டு விலகிப் போக வழியில்லை. ஓட முடியாததற்கு மிச்சம் இருப்பது உறுமலும் பல்லும்தான். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் வேறு வழியில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டுப் பின்புறம் பழைய கம்பிவலையை வைத்து நாலுக்கு ஆறடி அடைப்பு ஒன்று போட முடியுமா பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி மத்தியானம் ஒரு தடவை வந்து தண்ணீர் வைத்தாலே பாதி மாற்றம். அவிழ்க்கும்போது மேலிருந்து குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு அப்புறம் கொக்கியைத் தொடுங்கள். இதற்கெல்லாம் வழியில்லை என்றால் குட்டி வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். குட்டி கொடுக்கிறவனே சொல்கிறேன்.

கோம்பை என்றால் அப்படித்தானே இருக்கும்? ரத்தத்திலேயே ரோஷம் என்கிறார்களே?

காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். அந்நியரைக் கண்டால் ஒதுங்கும், கூர்ந்து பார்க்கும். வீட்டு ஆளை உறுமுவதற்கு இனத்தின் மேல் பழி போடாதீர்கள். (2005இல் அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையம் இருந்தது, கோம்பை இல்லை. எங்களுக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு. அது தனிக் கதை.)

இனத்தைவிட, எந்த வயதில் தாயிடமிருந்து பிரித்தார்கள் என்பதைக் கேளுங்கள். முப்பது நாளில் பிரித்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எட்டு வாரம் வரை தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் இருந்தால்தான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டிக்குத் தெரியும். பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், அதுதான் பள்ளிக்கூடம். மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரைதான் குட்டி புது ஆட்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்கிற காலம். குடை, தொப்பி, மழைக்கோட்டு, ஜீப் சத்தம், தாடிக்காரர், எல்லாவற்றையும் அதற்குள் தூரத்திலிருந்து காட்டிவிடுங்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய்க்கான ஊசித் தவணை முடிகிற வரை தெருவில் இறக்காமல் தோளில் வைத்துக்கொண்டு காட்டலாம்.

பாட்டி 'உக்காரு' என்கிறார், பக்கத்து வீட்டுச் சேட்டன் 'இரி' என்கிறார், பையன் 'சிட்' என்கிறான். குட்டி குழம்பாதா?

குழம்பும். ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். எது என்பதில் நாய்க்கு விருப்பு வெறுப்பு கிடையாது. 'வா', 'போ' இரண்டும் மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான், அதுவரைக்கும் லாபம்.

உறுமும்போது பல் பட்டுக் கீறிவிட்டது. பால்பல் குட்டிதானே, ஊசி தேவையா?

தேவை. குட்டிக்கும் வெறிநோய் வரும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசியே மூன்று மாதத்தில்தான் போடுகிறோம், அதற்கு முன்னால் அதற்குப் பாதுகாப்பு இருப்பதாக நினைக்க முடியாது.

உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிஷம் நீளமானது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி; முதல் ஊசி போடுகிற நாள்தான் 0. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புமருந்தும் வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டாலும் கேளுங்கள். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் ஊசி போட்ட அட்டையைக் கையோடு வைத்திருங்கள், அடுத்த தவணைக்கு எந்தப் பக்கம் இருப்பீர்கள் என்று தெரியாது. குட்டியைப் பத்து நாள் கண்காணியுங்கள். துரத்திவிடாதீர்கள், கொன்றுவிடாதீர்கள்.

எத்தனை நாளில் சரியாகும்?

சோற்றுத் தட்டு விஷயம் என்றால், மூன்று மாதக் குட்டிக்கு ஒரு மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். வளர்ந்த நாய்க்குப் பல மாதம். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் விறைப்பு கூடிக்கொண்டே போனால், அல்லது ரத்தம் வருகிற அளவு கடித்தால், மருத்துவரிடம் காட்டிவிட்டு, அடிக்காமல் பழக்குகிற பயிற்சியாளர் யாராவது கிடைக்கிறாரா என்று தேடுங்கள். கழுத்தில் முள்பட்டை மாட்டச் சொல்கிறவர் என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நாலு மாதக் குட்டி ஒன்று இருக்கிறது. தட்டுப் பக்கம் யார் வேண்டுமானாலும் போகலாம். செருப்பு மட்டும் இன்னும் தகராறுதான். முதலில் ஒரு துண்டு ஈரலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது, போன வாரத்திலிருந்து இரண்டு கேட்கிறது.